சுவரைத் தொடாத கூரை

கூலாயில் வரிசைக் கோடியில் நிற்கும் கார்னர் லாட் வீடு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்குப் பக்கவாட்டில் சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். ஒருவர் மீன் தொட்டி கட்டுவார். ஒருவர் ஓடாத காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். இன்னொருவர் ஒன்றும் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் புல் வெட்டியே ஆயுளைக் கழிப்பார். கிருஷ்ணம்மாவின் வீட்டில் அந்த அரிப்பு பட்டியோ என்ற பெயரில் வந்து சேர்ந்தது. பக்கச் சுவரை ஒட்டி ஒரு கூரை, கீழே ஓடு பதித்த தரை, மூன்று பக்கமும் திறப்பு. வெயிலானாலும் மழையானாலும் பத்துப் பேர் உட்கார்ந்து பேசலாம்.

காரணம் இல்லாமல் வரவில்லை. மகள் ஷர்மினிக்குத் தை மாதம் பரிசம் போடுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிம்பாங் ரெங்கத்தில் பேர் சொல்லும் குடும்பம். "பரிசத்த வீட்லதான் வைக்கணும். மண்டபம் எடுத்து வச்சா சொந்த வீடு இல்லாதவங்கன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் கிருஷ்ணம்மா. வாசலில் வாடகைக் கூடாரம் போட்டுக்கொள்ளலாமே என்று மகள் கேட்டதற்கு, கூடாரம் சாவு வீட்டுக்கும்தான் போடுகிறார்கள் என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். மகன் வசந்தனின் ஆசை வேறு. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன் அவன். கூட வேலை செய்கிறவர்கள் போனில் காட்டும் பட்டியோ படங்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துபோயிருந்தான். சனிக்கிழமை நாலு கூட்டாளிகளை அழைத்து, கோழி வாட்டி, டிவியில் பந்தாட்டம் பார்க்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

"ஊரு வீட்டுக்கெல்லாம் பிளான் போடறவ இங்கயே ஒருத்தி இருக்காளே, நம்ம வீட்டுக்கு ஒண்ணு போட மாட்டாளாமா?" என்று கிருஷ்ணம்மா சாப்பாட்டு மேசையில் கேட்டார். மருமகளிடம் கேட்க வேண்டியதை மகனைப் பார்த்துக் கேட்பது அவர் வழக்கம்.

மருமகள் லோஷினி கூலாய் டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிறவள். வாடிக்கையாளர் வீட்டு அடுப்படியை எந்தப் பக்கம் நீட்டலாம், மாடிப்படியை எங்கே திருப்பலாம் என்று நாள் முழுக்கக் கோடு இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்றுகூட அவளை யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் தங்கியிருந்தாளே தவிர வசிக்கவில்லை. இப்போது கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "போட்டுடலாம் அத்தே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு நிலத்தில் இறங்கினாள். வீட்டின் அந்தப் பக்கம் மேற்கு. மாலை வெயில் நேராக வந்து முகத்தில் அறையும். ஆகவே வெளிப்பக்கக் கூரையைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டித் தாழ்த்தினாள். அவளும் வசந்தனும் படுக்கும் அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. கூரை வந்தால் அறை குகையாகிவிடும். அதனால் ஜன்னலுக்கு நேர் மேலே மட்டும் வெளிச்சம் விடும் தகடு, மற்ற இடமெல்லாம் சூடு இறங்காத இரட்டைத் தகரம். வழுக்காத சொரசொரப்பு ஓடு. கழுவிவிட்டால் தண்ணீர் தானே ஓடித் தெருவோர லோங்காங் சாக்கடையில் விழும்படி தரைக்கு ஒரு சாய்வு. மின்விசிறி எங்கே, விளக்கு எங்கே, மழை சாய்த்து அடித்தால் நாற்காலிகளை எந்த மூலைக்கு ஒதுக்குவது என்றுகூட யோசித்து வைத்தாள். காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்கு இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

படத்தை விரித்ததும் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். கிருஷ்ணம்மாவுக்குத் தூண்களின் தலையில் தாமரை வேண்டும். வசந்தனுக்குப் பெரிய டிவி மாட்ட இடமும், பார் மாதிரி ஒரு மேடையும் வேண்டும்.

"தாமரை வச்சா கோயில் மண்டபம் மாதிரி ஆயிடும் அத்தே. அதுல உக்காந்து இவரு எப்படிக் கோழி வாட்டுவாரு?" என்றாள் லோஷினி.

கிருஷ்ணம்மா வாய்விட்டுச் சிரித்தார். மருமகள் சொன்னதற்கு அவர் சிரித்தது அதுவே முதல் தடவை. அன்று லோஷினிக்கு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியது.

அந்த ஞாயிறு கொன்ட்ரெக்டர் அய்யாவு இடம் பார்க்க வந்தார். படத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரையின் உத்திரத்தைச் சுவரில் போல்ட் போட்டு ஏற்றிவிட்டால் வெளிப்பக்கத்துக்கு மட்டும் தூண் போதும் என்றார். லோஷினியும் அப்படித்தான் வரைந்திருந்தாள். எல்லாம் பேசி முடித்துக் கோப்பி குடிக்கும்போது அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல மாசமா இருக்கறவங்க யாரும் இல்லையே?"

இந்தக் கேள்வி புதிதில்லை. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், துளை போட மாட்டார்கள், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். தமிழர் மட்டுமல்ல, சீனரும் இதில் ஒரே கட்சி. பாதி வேலையில் நிறுத்தச் சொல்லிச் சண்டை வரக்கூடாது என்று கொன்ட்ரெக்டர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள்.

கிருஷ்ணம்மா கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்தக் கவலையே உங்களுக்கு வேணாம். நீங்க பாட்டுக்கு அடிங்க, ஒடைங்க. இந்த வீட்ல அதுக்கெல்லாம் ஆளு இல்ல."

லோஷினி படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆள் இல்லையாம். போன வருடம் ஒன்று தங்கியது. உறுதியான அன்றே வீட்டில் சொன்னாள்; கிருஷ்ணம்மா மறுநாளே குடியிருக்கும் தாமான் முழுக்கச் சொல்லிவிட்டார், கோயிலில் அர்ச்சனை செய்தார், சிகாமட்டிலிருக்கும் லோஷினியின் அம்மாவுக்கு இவரே போன் போட்டார். பிறகு அது கலைந்துவிட்டது. சொன்னவர்களுக்கெல்லாம் திரும்பவும் சொல்ல வேண்டியதாயிற்று. தினம் ஒருத்தி பழப் பையோடு வந்து உட்கார்ந்து, லைசென்ஸ் டெஸ்ட்டில் ஃபெயிலானவளுக்குச் சொல்வதுபோல, "பரவால்ல, இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்" என்று தொடையைத் தட்டிவிட்டுப் போனாள். பிள்ளை போன துக்கத்தைவிட அந்தத் தட்டல்கள் அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

விதிக்கு வேடிக்கை பார்ப்பதென்றால் கொள்ளை ஆசை. அய்யாவு வந்து போன பத்து நாளில் லோஷினிக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. கிளினிக்கில் உறுதி செய்துகொண்டு வந்தவள், வசந்தனைப் பக்கவாட்டு நிலத்துக்கு அழைத்துப் போய், கயிறு கட்டி அளந்து வைத்திருந்த இடத்தில் நிறுத்திச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. அதில் பொய்யில்லை, அதை அவள் கடைசி வரை ஒப்புக்கொள்வாள்.

"யாருக்கும் சொல்லக்கூடாது. மூணு மாசம் தாண்டட்டும். எங்கம்மாவுக்குக்கூட நான் சொல்லப்போறதில்ல. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்."

"சரி லா. நான் யாருகிட்ட சொல்லப்போறேன்."

"அப்புறம் இந்த வேலைய கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க. மழைக்காலம், சிமெண்டு காயாதுன்னு அத்தேகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

சொல்லவில்லை. திங்களன்று அம்மாவுக்குத் தலைவலி, புதனன்று அவனுக்கு ஓவர்டைம், வெள்ளியன்று கோயில். அதற்குள் அய்யாவு கல்லும் மணலும் இறக்கிவிட்டார். வாசலில் மணல் குவிந்த பிறகு வேலையை நிறுத்தச் சொல்லும் தைரியம் வசந்தனுக்குக் கிடையாது. அம்மா சொன்னதை எதிர்த்து அவன் பேசியதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. வெளியே நாலு பேரை மேய்க்கும் சூப்பர்வைசர்தான். வீட்டுக்குள் நுழைந்தால் ஹெல்மெட்டோடு சேர்த்து நாக்கையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான்.

சுவரில் ஆணி அடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டால் லோஷினி இல்லை என்றுதான் சொல்வாள். போலிடெக்னிக்கில் கட்டடம் படித்தவள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். செங்கல், பூச்சு, ஒயர், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைப் பறிகொடுத்தவளுக்கு நம்பிக்கை வேறு, பயம் வேறு. அவள் தலைமாட்டுச் சுவர்தான் போல்ட் ஏறப்போகும் சுவர். அந்தச் சுவரை நினைத்தால் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

வேலையை நிறுத்த முடியாது என்று ஆனதும் அவள் படத்தை மாற்றினாள். உள்பக்கத்திலும் ஒரு வரிசை தூண் கொடுத்தாள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கூரை தன் காலிலேயே நிற்கும். அதன் உள்விளிம்பு வீட்டுக் கூரையின் நீட்டலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். மழை இடையில் இறங்காது. ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு பட்டியோ. வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூடப் படாது. மண் தோண்டுகிறார்களே, அது மட்டும் ஆகுமா என்றால், தோண்டுவது வெளியே, அது வீட்டுக் கணக்கில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாமியிடமே வக்கீல் பேச்சுப் பேசும் நிலைக்கு வந்திருந்தாள்.

அய்யாவுக்குச் சொன்ன காரணம் வேறு. "பழைய அஸ்திவாரம் வேற, புது அஸ்திவாரம் வேற அண்ணே. புதுசு கொஞ்சம் எறங்குச்சுன்னா சொவரு வெடிச்சிடும். தனியா நிக்கட்டும்." இதிலும் பொய்யில்லை. அய்யாவு தலையாட்டினார், தூணுக்குக் கூடுதலாகக் குழி எடுத்தார். கிருஷ்ணம்மா மட்டும் "என்னமோ வரஞ்சு வச்சிருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

உண்மையை வசந்தனிடம் மட்டும் சொன்னாள். "ஒரு போல்ட்டுகூட நம்ம சொவத்துல ஏறக்கூடாது. ஏன்னு உங்களுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குப் போயிட்டா இங்க பாக்க ஆளு இல்ல. நீங்கதான் பாத்துக்கணும்."

அவன் அவள் வயிற்றில் கை வைத்தான். "நான் பாத்துக்கறேன். நீ எதையும் போட்டு மனசுல ஒழப்பிக்காத."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் வேலைக்குப் போனாள். இரும்புத் தூண்கள் எழும்பின. உள்வரிசைத் தூண்கள் படத்தில் இருந்தபடியே சுவரைத் தொடாமல் நின்றன. போகும்போதும் வரும்போதும் அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொள்வாள். மனசு நிறைந்துபோகும். வயிற்றிலிருப்பதற்கு அவள் கட்டிய முதல் தொட்டில் அந்த இடைவெளிதான் என்று நினைத்துக்கொள்வாள்.

கூரை ஏற்றும் அன்று வசந்தன் லீவு போட்டிருந்தான். லோஷினி மத்தியானமே அலுவலகத்திலிருந்து கிளம்பி வந்தாள். தெருமுனையில் காரைத் திருப்பும்போதே டிரில் சத்தம் கேட்டது. தூணுக்கும் டிரில் போடுவார்கள்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்து இறங்கினாள்.

உள்வரிசைத் தூண்களை அறுத்துப் புல்லில் கிடத்தியிருந்தார்கள். படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, சுவர் நெடுகிலும் ஓர் இரும்பு உத்திரம் ஓடியது. அய்யாவுவின் ஆள் ஏணியில் நின்று கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். செங்கல் தூள் சிவப்பாகக் கீழே கொட்டியிருந்தது.

"வந்துட்டியா. இப்ப பாரு, எவ்ளோ லட்சணமா இருக்கு" என்றார் கிருஷ்ணம்மா. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அந்த எடவெளி பல்லு போன வாய் மாதிரி இருந்துச்சு. சொவத்தோரமா தூணு வேற. எலை போட்டுப் பந்தி வச்சா ஆளுங்க தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டா சாப்பிடுவாங்க? சொவத்துல ஏத்திக்கலாமான்னு கேட்டேன். அய்யாவு, தாங்கும்னாரு. வசந்தனும் சரின்னுட்டான்."

லோஷினி வசந்தனைப் பார்த்தாள். அவன் டிவி எங்கே வரும் என்று கையால் அளந்துகொண்டிருந்தவன், அவள் பார்ப்பதைக் கண்டதும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

அறைக்குள் தலையணை மேலெல்லாம் பூச்சு உதிர்ந்து கிடந்தது. அவள் அதைத் தட்டவில்லை. அவன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"அம்மா ஒரே பிடிவாதமா நின்னாங்க. என்ன காரணம் சொல்லி நிறுத்தறது? நீதான சொல்லக்கூடாதுன்ன."

"சொவரு வெடிக்கும்னு நான் சொன்ன காரணம் இருந்துச்சே. அத சொல்லியிருக்கலாமே."

"அய்யாவு தாங்கும்னு சொல்லிட்டாரு. அப்புறம் நான் என்ன பேசறது? லோஷி, நீ படிச்சவ. ரெண்டு போல்ட்டுக்குப் போயி..."

"நம்பறேனா இல்லையாங்கிறது இல்லைங்க. உங்ககிட்ட ஒண்ணக் குடுத்தேன், பாத்துக்குங்கன்னு. ஒரே ஒண்ணு."

வெளியே அம்மா கூப்பிட்டதும் அவன் போய்விட்டான்.

அப்போதே போய் மாமியாரிடம் சொல்லிவிடலாமா என்று லோஷினி அடுப்படி வாசல் வரை போனாள். கிருஷ்ணம்மா வேலையாட்களுக்கு மீன் பொரித்துக்கொண்டு, மகளிடம் பரிசப் புடவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாலைக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும், பழப் பைகள் வர ஆரம்பிக்கும். ஏறிய போல்ட் ஏறியதுதான், இனிச் சொல்லி என்ன என்று திரும்பி வந்துவிட்டாள்.

பட்டியோ முடிந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. ஓடு பதித்து, விசிறி மாட்டி, விளக்குப் போட்டு எல்லாரும் அழகு பார்த்தார்கள். லோஷினி மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலையில், அலுவலகத்தில் யாருடைய வீட்டு மாடிப்படியையோ வரைந்துகொண்டிருக்கும்போது அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. கூட வேலை செய்யும் பெண் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், நல்லவர். கரு ஆரம்பத்திலிருந்தே சரியாக வளரவில்லை, நீ எதைச் செய்ததாலும் இல்லை, செய்யாததாலும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். லோஷினி அதை முழுசாக நம்பினாள். போல்ட்டால் பிள்ளை போகாது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளை அறுத்தது வேறு.

கிருஷ்ணம்மா வந்து விஷயம் தெரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "பாவி மகளே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு ஆணி அடிக்க விட்டிருப்பனா? அந்த அய்யாவ வாசல்லயே தொரத்தியிருக்க மாட்டேன்? பட்டியோவாம் பட்டியோ, எவனுக்கு வேணும் அது?"

அந்த அழுகையில் நடிப்பு இல்லை. நிஜமாகவே துரத்தியிருப்பார், மணலையும் கல்லையும் அப்படியே போட்டு வைத்திருப்பார். அவள் யாரிடமிருந்து ஒளித்தாளோ அந்த மனுஷி காப்பாற்றியிருப்பாள். யாரை நம்பி ஒப்படைத்தாளோ அவன் கைவிட்டான். லோஷினி கட்டிலின் கால்மாட்டில் நின்ற வசந்தனைப் பார்த்தாள். இப்போது சொல்வான் என்று நினைத்தாள். எனக்குத் தெரியும்மா, நான்தான் விட்டுட்டேன் என்று ஒரு வார்த்தை. அவளுக்கு அது போதும். அழுது தீர்த்துவிட்டு, அவனை மன்னித்து, மறுபடியும் வாழ்ந்துவிடுவாள்.

"அழாதீங்கம்மா. ஆளுங்க பாக்கறாங்க" என்றான் வசந்தன்.

வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லுவான் போலிருக்கிறது என்று அவள் காத்திருந்தாள். பொங்கல் வந்தது, போனது. அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பு ஏது?

பரிசத்தன்று பட்டியோ நிறைந்து வழிந்தது. சுவரோரத் தூண் இல்லாததால் இரண்டு வரிசைப் பந்தி தாராளமாகப் போட முடிந்தது. அதை ஒருவர் விடாமல் சொன்னார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா யோகேஸ்வரி நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, கூரையையும் விசிறியையும் கண்ணால் எடை போட்டார். லோஷினி பாயாசத் தட்டோடு அவர் பின்னால் வந்து நின்றபோது, அவர் கிருஷ்ணம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருமகளுக்கு இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?"

கிருஷ்ணம்மா குரலைத் தாழ்த்தினார். ஆனால் அவருடைய தாழ்ந்த குரல் நாலு நாற்காலி வரை கேட்கும். "ரெண்டு வாட்டி கலைஞ்சு போச்சுங்க. இந்த வாட்டி யாருகிட்டயும் சொல்லல. இந்தப் பட்டியோ வேல நடக்கறப்பவே மாசமா இருந்திருக்கா. சொவத்த ஓட்ட போட்டுக்கிட்டு இருக்கோம், வாயத் தொறக்கல பாருங்க. எங்கிட்ட வேணாம், கட்டுன புருஷங்கிட்டயாவது சொல்ல வேணாமா? எம்மகன் பாவம். ஆஸ்பத்திரிக்கு வந்துதான் தெரிஞ்சுக்கிட்டான். 'எனக்கும் தெரியாதும்மா, தெரிஞ்சா விட்டிருப்பனா'ன்னு எங்கிட்ட வந்து அழுவறான்."

அவன் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் லோஷினி அவனைக் கோழை என்று விட்டிருப்பாள். சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் போய் உட்கார்ந்து, அழுது, பொய் சொல்லியிருக்கிறான்.

தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியும் அத்தே" என்றாள். சத்தம் போடவில்லை. "முதல் நாளே தெரியும். சொவத்துல போல்ட்டு ஏறக்கூடாதுன்னுதான் அந்தத் தூணையெல்லாம் நான் வரஞ்சேன். அதுவும் அவருக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு."

பந்தியில் பேச்சு நின்றது. மாப்பிள்ளையோடு சிரித்துக்கொண்டிருந்த வசந்தன் திரும்பிப் பார்த்தான்.

"வசந்தா, என்னடா சொல்றா இவ?" என்றார் கிருஷ்ணம்மா.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? வந்தவங்கள கவனிங்க."

அது போதும். ஆமாம் என்று அவன் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. கிருஷ்ணம்மாவின் முகம் சிவந்து மகன் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அதே முகம். லோஷினி அந்த முகத்தைப் பார்த்தாள். கேட்கப் போகிறார், நமக்காக இந்த மனுஷி கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். கிருஷ்ணம்மாவின் கண் யோகேஸ்வரி மேல் விழுந்தது, பிறகு தாம்பூலத் தட்டுகளின் மேல், பிறகு தலை குனிந்து நின்ற மகள் ஷர்மினியின் மேல்.

"ஆம்பளப் பிள்ளைக்கு இதுல எல்லாம் என்னா தெரியும்?" என்றார். "நீதான எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். போ, போயி எல்லாருக்கும் பாயாசம் குடு."

யோகேஸ்வரி ஆமாம் என்று தலையாட்டினார். பந்தியில் யாரோ அப்பளம் கேட்டார்கள். பேச்சு மறுபடியும் தொடங்கியது.

லோஷினி அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வசந்தன் வந்தான். கதவைச் சாத்தினான். முகம் கறுத்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று ஒரு நொடி அவளும் நினைத்தாள். மனசு அப்படி ஒரு முட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா, எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்கிட்டியே லோஷி. சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை வரவில்லை.

"வயித்துல இருந்தவரைக்கும் அந்தப் பிள்ளைய யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியாது, உங்கம்மாவுக்குத் தெரியாது. அது ஒண்ணு இருந்துச்சுன்னு ஒலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அம்மாகிட்டப் போயி தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கே அதுக்கு அப்பா இல்லாம போச்சு. நான் ஒருத்திதான் மிச்சம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே படம் எடுக்க வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்கு அண்ணன் நிற்க வேண்டும் என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். வசந்தன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

அவன் திரும்பி வருவான் என்று லோஷினி காத்திருக்கவில்லை. சிகாமட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.